கம்பெனிப் பெட்டியும் என் தம்பியும்

என் தம்பியை அவனோடு வேலை செய்கிறவர்கள் முடிச்சு என்று கூப்பிடுவார்கள். வீடு வீடாகப் போய் இன்டர்நெட் இணைப்புக் கொடுப்பது அவன் வேலை. வேலை முடிந்ததும் மிச்சமாகிற ஒயரை மற்றவர்கள் சோபாவுக்குப் பின்னால் காலால் தள்ளிவிட்டு வந்துவிடுவார்கள். இவன் அதைத் தட்டு அளவுக்கு வட்டமாகச் சுற்றி, பையில் வைத்திருக்கும் கறுப்புக் கயிற்றுத் துண்டால் முடிச்சுப் போட்டு, துடைப்பம் படாத உயரத்தில் மாட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பான். இந்த வட்டாரத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் டிவிக்குப் பின்னால் ஒரு தடவை எட்டிப் பார்த்தால் போதும், அது என் தம்பி கை பட்ட வேலையா இல்லையா என்று சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

வீட்டில் நான் மூத்தவள், அவன் இளையவன், வேறு யாரும் இல்லை. அப்பா இறந்துபோன வருடம் நான் பத்தாவதோடு நின்று ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு அதே கடையை நானே எடுத்து நடத்த ஆரம்பித்தேன். அவன் பன்னிரண்டாவது முடித்ததும் கேபிள் டிவிக்காரரிடம் சேர்ந்து மொட்டை மாடி மொட்டை மாடியாக ஒயர் இழுத்தான். வெயிலில் காய்ந்து வீட்டுக்கு வந்தால் அடையாளம் தெரியாது. பிராட்பேண்ட் கம்பெனி ஆள் எடுத்தபோது போய்ச் சேர்ந்தான். நீலச் சட்டை கொடுத்தார்கள். கழுத்தில் தொங்கவிட போட்டோ போட்ட அட்டை கொடுத்தார்கள். அம்மா அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில், கண்டெடுத்தால் இந்த முகவரியில் ஒப்படைக்கவும் என்று அச்சடித்திருந்தது.

"எதை ஒப்படைக்கணும்? அட்டையையா, உன்னையா?" என்றாள்.

"ரெண்டும் அவங்களுதுதாம்மா" என்று சிரித்தான் அவன். அன்றைக்கு அது வெறும் வேடிக்கைப் பேச்சு.

கம்பெனி இணைப்புக் கொடுக்கும்போது கூடவே ஒரு வெள்ளைப் பெட்டியும் கொடுக்கும். வெளியிலிருந்து வரும் லைனை வாங்குவதும் அதுதான், அதை வீட்டில் இருக்கிற போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் பிரித்துக் கொடுப்பதும் அதுதான். முதல் வேலையை ஒழுங்காகச் செய்யும். இரண்டாவது வேலையில்தான் சண்டித்தனம். லைன் நுழைகிற இடம் வாசல் பக்கம் என்பதால் பெட்டியையும் அங்கேயே மாட்டிவிடுவார்கள். இரண்டு சுவர் தாண்டினால் அதன் வேகம் மூச்சு வாங்கும். போதாததற்கு ஆபீஸிலிருந்து அவ்வப்போது அதற்குள் எதையாவது மாற்றி அனுப்புவார்கள். அது தானாக அணைந்து தானாக எழுந்திருக்கும். எழுந்ததும் நாம் சொல்லிக்கொடுத்ததில் பாதியை மறந்திருக்கும்.

என் கடை முதல் மாடியில் இருக்கிறது. இரண்டு கம்ப்யூட்டர், இரண்டு பிரின்டர், ஒரு ஸ்கேனர். விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாளில்தான் ஜனங்கள் படியேறி வருவார்கள். அப்போது பார்த்து அந்தப் பெட்டி பிரின்டரை மறந்துவிடும். சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள், நான் பெட்டியின் முகத்தைப் பார்ப்பேன். பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் தம்பியோடு போய் நல்ல ரவுட்டர் ஒன்று வாங்கிவந்தேன். அவன் கம்பெனிப் பெட்டிக்குள் புகுந்து அதன் இரண்டாவது வேலையை மட்டும் நிறுத்தினான். லைனை வாங்கி அப்படியே என் ரவுட்டருக்குத் தள்ளிவிடுவது மட்டுமே இனி அதன் வேலை. பிரிட்ஜ் போடுவது என்று அவர்கள் இதைச் சொல்வார்கள்.

"பெட்டி வாசல்ல நிக்கிற ஆள் மாதிரிக்கா. கதவைத் திறந்து விடட்டும், அதோட சரி. உள்ள யார் எங்க உட்காரணும்னு நீ வாங்கினது பார்த்துக்கும்."

அதன்பிறகு என் பிரின்டர் ஒருநாளும் காணாமல் போகவில்லை.

ஆனால் கம்பெனி விதி வேறு. பெட்டி இரண்டு வேலையையும் செய்ய வேண்டும், சொந்த ரவுட்டர் போட்டுக் கொடுக்கக் கூடாது. ஏன் என்று கேட்டேன்.

"ஆபீஸ்ல உட்கார்ந்தே நம்ம பெட்டிக்குள்ள எட்டிப் பார்க்கலாம்க்கா. எந்த ரூம்ல மெதுவா ஓடுது, எது மாட்டிக்கிச்சுன்னு தெரியும். புகார் வந்தா அங்கிருந்தே சரி பண்ணலாம். சொந்த ரவுட்டர் வச்சா அவங்களுக்கு வெறும் சுவர்தான் தெரியும். அது பழுதானாலும் திட்டு கம்பெனிக்குத்தான்."

"அப்போ அவங்க பக்கமும் நியாயம் இருக்கே."

"இருக்கு. பெட்டி நல்ல பெட்டியா இருந்தா முழு நியாயமும் இருக்கும்."

இணைப்புக் கொடுக்கிற எல்லாரும் இதைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். வாடிக்கையாளர் சொந்த ரவுட்டரைக் காட்டினால் தலையைச் சொறிவார்கள், ரூல்ஸ் இடம் கொடுக்காதே என்பார்கள், கையில் ஏதாவது விழுந்ததும் இடம் கொடுத்துவிடும். என் தம்பி வாங்க மாட்டான். "அவங்க ஆசையா வாங்கி வச்சிருக்கிற சாமானைத் தூக்கிப் பரண்ல போடுங்கன்னு எப்படிச் சொல்றது?" என்பான். ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, முடிச்சைப் போட்டுவிட்டு, வந்துவிடுவான்.

இப்படியே வருடங்கள் ஓடின. அப்புறம் முட்டி வந்து குறுக்கே நின்றது.

ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் லைன் ஏற்றும்போது ஏணி சறுக்கியது. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் முன்பு அவனோடு ஜோடியாக வேலை செய்தவர். அவர் இப்போது சூப்பர்வைசர். அவர் தாங்கிப் பிடித்ததால் தலை தப்பியது, வலது முட்டி தப்பவில்லை. ஆபரேஷன் ஆனது. இனி படி, ஏணி இரண்டையும் மறந்துவிடுங்கள் என்றார் டாக்டர். படியை மறந்துவிட்டு இவன் எப்படி வேலைக்குப் போவது? மறுபடி சேர்ந்ததும் பழையபடி அதே பையை மாட்டிக்கொண்டு படியேறினான். ஏறுவது ஒரு மாதிரி முடிந்தது. இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்குவான். அவன் என் கடையிலிருந்து இறங்கும்போது நான் ஏதாவது வேலை இருப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில் கம்பெனியில் ஒரு நாற்காலி காலியானது. ஸ்கிரீன் ரூம் என்று சொல்வார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து வட்டாரத்தின் பெட்டிகளையெல்லாம் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. ஏணி இல்லை, படி இல்லை, லிஃப்ட் உண்டு. என் தம்பிக்கு அந்த நாற்காலி கிடைத்தால் பிழைத்தான். கிடைக்காவிட்டால் முட்டி ஒருநாள் முழுசாகப் போகும், அன்றைக்கு வேலையும் போகும். எங்கள் வீட்டில் அப்போது வேறு பேச்சே இல்லை.

சூப்பர்வைசர் நல்ல மாதிரி. கடைக்கே வந்து சொன்னார். "முடிச்சு, கஸ்டமருங்க போன்ல போட்ட ஸ்டார் உன்கிட்ட இருக்கு, எழுத்து இல்லடா. வெறும் ஸ்டாரை மேலிடத்துல மதிக்கிறதில்லை. கஸ்டமர் தன் கையால நாலு வரி எழுதியிருக்கணும். ஜவ்வைப் பாரு, அவன் பேர்ல எத்தனை பாராட்டு!"

ஜவ்வு என்பவனும் இணைப்புக் கொடுப்பவன்தான். நாலு வரி எழுதும்வரை வீட்டை விட்டு நகர மாட்டான் என்பதால் அந்தப் பெயர். சில வீடுகளில் அவர்கள் போனை வாங்கித் தானே எழுதிக்கொள்வான் என்றும் பேச்சு.

"கேக்க ஒரு மாதிரி இருக்குண்ணே" என்றான் தம்பி.

"என்ன ஒரு மாதிரி? பொண்ணா கேக்கறே? நாலு வரிடா."

தம்பி மனைவியும் அன்று கடையில் இருந்தாள். "இவரு ஓட்டல்ல ரெண்டாவது தடவை தண்ணி கேக்கவே கூச்சப்படுவாரு அண்ணி. நான்தான் கையைத் தூக்கணும். இவரு போய்ப் பாராட்டு கேப்பாராம்!" என்று என்னிடம் சொன்னவள் அவன் பக்கம் திரும்பினாள். "உங்க முட்டியைக் காட்டிக் கேளுங்க. அதுக்காவது எழுதுவாங்க."

"முட்டியைக் காட்டிக் கேட்டா அது பாராட்டு இல்ல, பிச்சை."

கடைசியில் பழைய வாடிக்கையாளர்களுக்குப் போனில் செய்தி அனுப்பினான். எழுதி எழுதி அழித்தான். கடைசியாக நின்றது இவ்வளவுதான்: நான் உங்கள் வீட்டில் இன்டர்நெட் இணைப்புக் கொடுத்தவன், என் வேலை பிடித்திருந்தால் கம்பெனியின் இணையப் பக்கத்தில் நாலு வரி எழுதுங்கள். என்ன எழுத வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது அவர்கள் இஷ்டம் என்றான்.

எழுதினார்கள். இப்படி எழுதுவார்கள் என்று நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. காலையில் கடையைத் திறந்ததும் நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன். பல் டாக்டர் எழுதியிருந்தார். மாவு மில்காரர் எழுத்துப் பிழையோடு மனசாரப் பாராட்டியிருந்தார். எல்லாவற்றிலும் நீளமானது பாட்டு டீச்சர் எழுதியது. என் கடைக்கு எதிர்க் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருக்கிறார், கம்ப்யூட்டர் வழியாகப் பாட்டு சொல்லிக் கொடுக்கிறார். பாட்டுத் தாள்களை என்னிடம்தான் பிரதி எடுப்பார்.

'கம்பெனிப் பெட்டி இருந்தவரை என் மாணவிகளின் குரல் பாதிப் பாட்டில் அறுந்துவிடும். இந்தத் தம்பி பொறுமையாக உட்கார்ந்து அந்தப் பெட்டியை ஓரங்கட்டிவிட்டு, என் மகன் வாங்கித் தந்த ரவுட்டரை இயங்கச் செய்தார். கம்பெனி விதிக்கு இது ஒத்துவராது என்றாலும் உங்கள் கஷ்டத்தைப் பார்க்க முடியவில்லை அம்மா என்றார். கை நீட்டி ஒரு காசு வாங்கவில்லை. இப்படிப்பட்டவர் உங்களிடம் இருப்பது உங்கள் பாக்கியம்' என்று எழுதியிருந்தார்.

மற்றவர்களும் கிட்டத்தட்ட இதையேதான் எழுதியிருந்தார்கள். சொந்த ரவுட்டரைப் போட்டுத் தந்தார், மறுப்புச் சொல்லவில்லை, பணம் வாங்கவில்லை. வேறு எதை எழுதுவார்கள்? அவன் செய்த உதவி அதுதானே. தம்பி படித்தான், நான் படித்தேன், அவன் மனைவி சத்தமாக வாசித்து அம்மாவுக்குக் காட்டினாள். ஒருவருக்கும் உறைக்கவில்லை. எல்லாரும் நாள் தவறாமல் செய்கிற காரியம், அது விதியில் குற்றம் என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. சூப்பர்வைசரும் எத்தனை பேர் எழுதினார்கள் என்று பார்த்தாரே தவிர, என்ன எழுதினார்கள் என்று பார்க்கவில்லை.

நான் அவற்றையெல்லாம் பெரிய எழுத்தில் அச்சடித்து, டீச்சர் எழுதியதை நடுவில் வரும்படி வைத்து, ஓரம் பிசகாமல் லேமினேட் செய்து கல்லாவுக்கு மேலே மாட்டினேன். வருகிறவர்கள் படித்துவிட்டு, "உங்க தம்பியா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் மாட்டினேன்.

பணம் வாங்கிக்கொண்டு பிரிட்ஜ் போட்ட மற்றவர்களைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு வரியும் இல்லை. பணம் கொடுத்தவர் அதை வெளியில் சொல்வாரா? கொடுத்தவர் வாயையும் வாங்கியவர் வாயையும் அந்தப் பணமே அடைத்துவிடும். என் தம்பி வாங்காததால் அவன் வீடுகளில் மட்டும்தான் வாய் திறந்திருந்தது.

ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள். நாற்காலிதான் என்று நாங்கள் முடிவே கட்டிவிட்டோம். தம்பி மனைவி நீலச் சட்டையைக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்தாள். போகும்போது கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனான். திரும்பி வந்தவன் கல்லாவுக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து முட்டியை நீவிக்கொண்டே இருந்தான்.

"என்னடா ஆச்சு?"

"நீ மேல மாட்டியிருக்கியே, அதே எழுத்துதான்க்கா அந்த மேடம் மேஜை மேல இருந்துது. அச்சடிச்சு வச்சிருந்தாங்க. என்ன, அவங்க மஞ்சள் கோடு போட்டிருந்தாங்க."

மேலாளர் அம்மாள் கோபப்படவில்லையாம். ஒவ்வொரு மஞ்சள் கோட்டையும் விரலால் தொட்டு, இது நீங்கள் செய்ததா, இது நீங்கள் செய்ததா என்று கேட்டாராம். இவன் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் மேடம் என்றானாம்.

"இல்லைன்னு சொல்லியிருக்கக் கூடாது? டீச்சர் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்கன்னு சொல்லியிருக்கலாமே!"

"அவ்வளவு நல்லா எழுதியிருக்காங்க. அவங்களைப் பொய்யாக்கவா?"

வேலையை விட்டு நீக்கவில்லை. அதற்குப் பதில் வேறு ஒன்று சொன்னார்கள். அவன் பிரிட்ஜ் போட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் அவனே மறுபடி போக வேண்டும். சொந்த ரவுட்டரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கம்பெனிப் பெட்டியை முழு வேலைக்கும் திருப்ப வேண்டும். போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். எல்லாம் முடிந்தால்தான் வேலை நிலைக்கும். நாற்காலி ஜவ்வுக்குப் போனது. இவன் ஒவ்வொரு வீடாகக் கழற்றுகிறானா என்று திரையில் பார்த்துக்கொண்டிருப்பதுதான் ஜவ்வுக்குக் கொடுத்த முதல் வேலை.

சூப்பர்வைசர் கடைக்கு வந்தார். "எண்ணிக்கையைத்தான் பார்த்தேன்கா. படிச்சுப் பார்க்கலையே, பாவி" என்று தன் தலையில் தானே தட்டிக்கொண்டார். தம்பி அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினான்.

பாட்டு டீச்சர் வீட்டுக்குப் போகிற அன்று மட்டும் என்னைத் துணைக்குக் கூப்பிட்டான். "உனக்கு அவங்களைத் தெரியும்லக்கா. நீ கூட நின்னாப் போதும், பேச வேணாம்." கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டுப் போனேன். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் சாய்ந்து நின்று, போஸ்டர் படிப்பதுபோல வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டீச்சர் கதவைத் திறந்ததும் முகம் மலர்ந்தது. "வாங்க தம்பி, வாங்க! பதவி கிடைச்சாச்சா? நான் எழுதினதைப் பார்த்தாங்களா?"

"பார்த்தாங்கம்மா."

"சும்மா இல்ல, யோசிச்சு யோசிச்சு எழுதினேன். என் மாணவிகளையும் எழுதச் சொல்லட்டுமா?"

"வேணாம்மா, போதும்" என்றான் அவசரமாக. பிறகு வந்த காரியத்தைச் சொன்னான். சொந்த ரவுட்டரைக் கழற்ற வேண்டும், கம்பெனிப் பெட்டியை இயக்க வேண்டும், மேலிடத்து உத்தரவு.

டீச்சருக்கு முதலில் புரியவில்லை. பிறகு சிரித்தார். தமாஷ் இல்லை என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது. "நீங்க போட்டதை நீங்களே கழட்டுவீங்களா?"

"ஆமாம்மா."

"அப்போ என் கிளாஸ்?"

"பெட்டியைக் கொஞ்சம் உள்ள தள்ளி வச்சுத் தர்றேன். முடிஞ்சவரைக்கும் நல்லா வர்ற இடமாப் பார்க்கறேன்."

"முடிஞ்சவரைக்கும்! அன்னிக்கு இந்தப் பெட்டி உதவாதுன்னு இதே வாயாலதானே சொன்னீங்க? பொய்யா சொன்னீங்க?"

"இல்லம்மா."

"அப்போ இன்னிக்குப் பொய்யா?"

அவன் ரவுட்டர் பக்கம் திரும்பினான். எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நீங்கள் எழுதினதுதான் தாயே இவனை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவன் திரும்பிப் பார்க்காமலே, "அக்கா, பையில அந்தச் சின்ன ஸ்குரூடிரைவர் இருக்கா பாரு" என்றான். ஸ்குரூடிரைவர் அவன் கையிலேயே இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

முட்டியை மடக்க முடியாமல் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து வேலை செய்தான். ரவுட்டரைக் கழற்றித் துணியால் துடைத்து, அதன் ஒயரைச் சுற்றி முடிச்சுப் போட்டு, டீச்சர் கையில் கொடுத்தான். பெட்டியை வாசலிலிருந்து எடுத்து, நீளமான ஒயர் போட்டு, பாட்டு சொல்லிக் கொடுக்கும் அறை ஓரத்துக்குக் கொண்டுவந்தான். அந்த நீள ஒயர் கம்பெனி கொடுக்காதது. அவன் சொந்தமாக வாங்கி வைத்திருந்தது. டீச்சர் சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், அவன் வியர்வையைத் துடைக்கும்போதும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை.

கிளம்பும்போது சொன்னார். "யாரோ உங்களுக்கு நல்லாக் காசு கொடுத்திருக்காங்க. இல்லேன்னா இப்படி மாறமாட்டீங்க. நான் எழுதினதை அழிச்சிடறேன். இருங்க, அழிக்கிறது மட்டும் போதாது."

நாங்கள் கடைக்கு வந்து சேர்வதற்குள் எழுதிவிட்டார். ஒரே ஒரு ஸ்டார். கீழே, அன்று ஒரு பேச்சு, இன்று ஒரு பேச்சு, இவரை நம்ப வேண்டாம் என்று.

"டீச்சர் எது எழுதினாலும் நல்ல தமிழ்லதான் எழுதறாங்க" என்றான் அவன். அவன் சிரிப்பான் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை.

மற்ற வீடுகளிலும் இதே கதைதான். பல் டாக்டர் கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகவே பேசினார். மாவு மில்காரர், "போடும்போது மகராசன், கழட்டும்போது எமனா?" என்று மில் சத்தத்துக்கு மேல் கத்தினாராம். நன்றியை எழுதியவர்கள் எல்லாரும் ஏமாற்றத்தையும் எழுதினார்கள். யாரிடமும் அவன் காரணம் சொல்லவில்லை. ஏண்டா சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நல்லது நினைச்சு எழுதினவங்கக்கா. தெரிஞ்சா அவங்களுக்குத் தூக்கம் போயிடும்" என்றான். அவர்கள் தூக்கத்தைப் பற்றி அவன் கவலைப்பட்டான். அவன் தூக்கத்தைப் பற்றி, பக்கத்தில் படுக்கிற அவன் மனைவியைக் கேட்டால் சொல்வாள்.

கடைசியாக என் கடைக்கு வந்தான்.

கைப்பிடி ஆடும் சத்தத்திலேயே அவன்தான் ஏறுகிறான் என்று தெரிந்தது. கழுத்தில் அட்டை, தோளில் பை. வாசலில் நின்று ஷூவைக் கழற்றினான். என் கடையில் அவன் எப்போதும் ஷூவோடு உள்ளே வருகிறவன். அன்றைக்கு வாடிக்கையாளர் வீட்டுக்கு வந்த மாதிரி வந்தான்.

"என் கடையை விட்டுடேன்டா. அக்கா கடைன்னு யாருக்குத் தெரியப்போவுது?"

"அங்க உட்கார்ந்திருக்கிறவன் பார்ப்பான்க்கா. அந்த நாற்காலிக்கு வேலையே அதானே."

"ஜவ்வு உன்னைக் காட்டிக் கொடுப்பானா?"

"அவன் கொடுக்கலேன்னா அவனைக் கேப்பாங்க. அவனுக்கும் குடும்பம் இருக்கு, ரெண்டு பொண்ணு."

நான் எழுந்தேன். கம்ப்யூட்டர்களை அணைத்தேன். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து என் ரவுட்டரைக் கழற்றினான். மற்ற வீடுகளில் செய்தது போலவே துடைத்தான், ஒயரைச் சுற்றினான், முடிச்சுப் போட்டான். பிளக் பாயின்ட் கல்லாவுக்கு மேலே இருந்தது. அதை எட்டிப் பிடிக்கும்போது லேமினேட் செய்த தாள் அவன் நெற்றியில் இடித்தது. விலக்கிவிட்டு பிளக்கைச் சொருகினான். பெட்டியில் பச்சை விளக்கு வந்தது. போட்டோ எடுத்தான்.

"இதை எடுத்துடுக்கா" என்றான் தாளைக் காட்டி.

"ஏன்? இதுல ஒரு வார்த்தை பொய் கிடையாது."

"அதுக்குத்தான் சொல்றேன்."

வேலை முடிந்ததும் என் போனில் கம்பெனியின் செய்தி வந்தது. எங்கள் பணியாளரின் சேவை எப்படி இருந்தது, ஸ்டார் கொடுங்கள், உங்கள் கருத்தை எழுதுங்கள் என்று. கீழே காலியாக ஒரு கட்டம். எனக்கு எழுதுவதற்கு நிறைய இருந்தது. விரலை வைத்துவிட்டேன்.

"ஸ்டார் மட்டும் போடுக்கா" என்றான். "ஒண்ணும் எழுதாத."

ஐந்து ஸ்டாரையும் அழுத்திவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். அவன் ஷூவை மாட்டிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடியைப் பிடித்து இறங்கினான். அன்றைக்கு நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கடைசிப் படி வரை பார்த்தேன்.

வேலை நிலைத்தது. ஸ்டார் குறைந்துவிட்டதால் இனி எந்த நாற்காலி காலியானாலும் அவன் பெயர் வராது என்று சூப்பர்வைசர் சொன்னார். அவன் இப்போதும் படியேறுகிறான். தைலம் வாங்குவது மட்டும் கூடியிருக்கிறது.

சில மாதம் கழித்து கம்பெனியிடமிருந்து எல்லாருக்கும் ஒரு செய்தி வந்தது. புதிய திட்டம்: இனி உங்கள் சொந்த ரவுட்டரையே பயன்படுத்தலாம், மாதம் ஒரு சிறு தொகை சேர்த்துக் கட்டினால் எங்கள் பணியாளர் வீட்டுக்கே வந்து அமைத்துத் தருவார். கூடவே படம். ஒரு நீலச் சட்டைக்காரர் சிரித்தபடி பிரிட்ஜ் போடுகிறார். என் தம்பி எந்தக் காரியத்துக்காக வீடு வீடாகத் தலைகுனிந்து நின்றானோ, அதையே இப்போது விலை போட்டு விற்கிறார்கள். ஜனங்கள் வாங்கவும் செய்கிறார்கள். பாட்டு டீச்சர் முதல் வாரமே வாங்கிவிட்டார். போட்டுக் கொடுத்தவன் என் தம்பிதான். இந்தத் தடவை இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லையாம்.

என் ரவுட்டர் மேஜை டிராயரில் அவன் போட்ட முடிச்சு அவிழாமல் இருக்கிறது. நான் அந்தத் திட்டத்தில் சேரவில்லை. கம்பெனிப் பெட்டி பிரின்டரை மறக்கும்போதெல்லாம் பென் டிரைவை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டருக்கும் பிரின்டருக்கும் நடக்கிறேன். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். பக்கத்துக் கடைக்காரர் நேற்றுகூடக் கேட்டார், "அந்தச் சின்னத் தொகையைக் கட்டித் தொலைக்கறதுதானே, ஏன் இப்படி நடந்து சாகறீங்க?" என்று.

கட்டலாம். கட்டினால் மறுநாளே ஆள் அனுப்புவார்கள். இந்த மாடிப்படி ஏறி வருகிற ஆள் யார் என்று எனக்குத் தெரியும்.